பதில் சொல்லும் திரை: சான் பிரான்சிஸ்கோ அரபுத் திரைப்பட விழாவின் பலமும் குறையும்

1992இல் டிஸ்னியின் 'அலாதீன்' வெளியானபோது அதன் தொடக்கப் பாடலில், முகம் பிடிக்காவிட்டால் காதை வெட்டிவிடும் ஊர் இது என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. அரபு அமெரிக்கர்கள் எதிர்த்ததால் அடுத்த ஆண்டு வந்த வீடியோவில் அந்த வரி மாறியது. அந்த ஊரைக் காட்டுமிராண்டித்தனமானது என்று சொல்லும் சொல் மட்டும் நீக்கப்படாமல் தங்கிவிட்டது. 1994இல் 'ட்ரூ லைஸ்' அரபியரை அணுகுண்டு ஏந்திய கோமாளிகளாகக் காட்டியது. 1995இல் ஓக்லஹோமா நகரில் குண்டு வெடித்த சில மணி நேரத்திலேயே மத்திய கிழக்கைச் சேர்ந்தவர்கள்மீது சந்தேகம் திரும்பியது. குண்டு வைத்தவரோ அமெரிக்காவின் முன்னாள் படைவீரர். அரபுப் படங்களுக்கென்று 1996இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு சமூக விழா உருவானதன் பின்னணி இது.

அப்படியொரு விழாவின் தேவை எவ்வளவு பெரிது என்பதை ஆய்வாளர் ஜாக் ஷஹீன் 2001இல் எழுதிய 'ரீல் பேட் அராப்ஸ்' நூல் காட்டியது. 900க்கும் மேற்பட்ட ஹாலிவுட் படங்களை ஆராய்ந்த அவருக்கு, அரபியரை நல்லவிதமாகச் சித்திரித்தவையாக ஒரு டஜன் படங்களே கிடைத்தன. ஆகவே இவ்விழா பிறக்கும்போதே ஒரு பதிலாகப் பிறந்தது. அதன் பலம் அங்கிருந்துதான் வருகிறது. குறையும் அங்கிருந்துதான் வருகிறது என்பதே என் கருத்து.

முதலில் பலத்தைப் பேசுவோம். எகிப்திய இயக்குநர் யூசுஃப் ஷஹீனின் 'கெய்ரோ ரயில் நிலையம்' (1958) படத்தில் இயக்குநரே கால் ஊனமுற்ற செய்தித்தாள் விற்பவராக நடிக்கிறார். குளிர்பானம் விற்கும் பெண்மீது அவர் கொள்ளும் ஏக்கம் வெறியாகிறது. பக்கத்திலேயே சுமைதூக்கும் தொழிலாளர்கள் சங்கம் அமைக்கப் போராடுகிறார்கள். ஒட்டகமும் பாலைவனமும் மட்டுமே அரபு உலகம் என்று பழகிய கண்ணுக்கு, கூலியும் காமமும் கோபமும் நிறைந்த இந்த நடைமேடை பெரிய திறப்பு. மூஃபிதா த்லாத்லியின் 'அரண்மனையின் மௌனங்கள்' (1994) துனிசியப் பணிப்பெண்களின் வாழ்க்கையை அடுப்படிக்குள்ளிருந்து சொல்கிறது. வணிக விநியோகஸ்தர்கள் இத்தகைய படங்களை அபூர்வமாகவே தொடுகிறார்கள். இவற்றைப் பெரிய திரையில், ஊர் கூடிப் பார்க்க வழி செய்வது சமூக விழாக்கள்தான்.

இன்னொரு பலன் அரபியருக்குள்ளேயே நிகழ்கிறது. மொராக்கோவின் பேச்சுவழக்கு ஈராக்கியருக்கு எளிதில் புரியாது. எகிப்திய வழக்கைப் பலர் அறிவது பழைய சினிமாக்களின் தயவால். ஒரே திரையரங்கில் அமர்ந்து சப்டைட்டிலின் துணையோடு ஒருவர் ஊரை இன்னொருவர் பார்ப்பது, புலம்பெயர்ந்த மண்ணில்தான் பலருக்கு வாய்க்கிறது.

நீடித்து நின்றதையும் சொல்ல வேண்டும். அரசுப் பணத்தில் 2004இல் பிரமாண்டமாகத் தொடங்கிய துபாய் சர்வதேசத் திரைப்பட விழா 2017க்குப் பின் நடக்கவில்லை. நன்கொடையையும் தன்னார்வலர் உழைப்பையும் நம்பும் இந்தச் சமூக விழாவோ இன்று ஒரு நிறுவனமாக வளர்ந்திருக்கிறது. ஊர் வைத்திருக்கும் அக்கறைக்கு ஆயுள் அதிகம்.

இனி குறைகள். பதிலாகப் பிறந்த விழாவுக்கு, குற்றம் சாட்டியவரின் முகத்தைப் பார்த்தே பேசும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும். போர், அகதி வாழ்வு, ஆக்கிரமிப்பு, அடக்கப்பட்ட பெண் என்று சில கருப்பொருள்கள் தேர்வில் முந்திக்கொள்ளும். இதற்குத் தேர்வுக்குழுவை மட்டும் குறைசொல்ல முடியாது. பல அரபு இயக்குநர்கள் பிரான்ஸ், ஜெர்மனி போன்ற நாடுகளின் நிதியை நம்பிப் படமெடுக்கிறார்கள். கான், வெனிஸ், பெர்லின் விழாக்களில் கவனம் பெற்ற படங்களே பிற விழாக்களைச் சென்றடைகின்றன. ஐரோப்பா சலித்துத் தந்ததைத்தான் சமூக விழாவும் பெரும்பாலும் பெறுகிறது.

இந்தச் சல்லடையில் நழுவுவது மக்கள் சினிமா. ஷெரீஃப் அரஃபாவின் 'பயங்கரவாதமும் கபாபும்' (1992) ஓர் உதாரணம். பிள்ளைகளைப் பள்ளி மாற்ற ஒரு தாள் வேண்டி, கெய்ரோ தஹ்ரீர் சதுக்கத்தின் மாபெரும் அரசு அலுவலகத்துக்கு அலைகிறார் நடிகர் ஆதில் இமாம். கையெழுத்திட வேண்டிய ஊழியர் கழிப்பறைக்குப் போனவர் போனவர்தான். இருக்கையில் இருப்பவரோ தொழுகையை விடுவதாயில்லை. கைகலப்பில் ஒரு துப்பாக்கி இவர் கைக்கு வந்துவிட, கட்டடமே பணயமாகிறது. கோரிக்கை என்ன என்று அரசு கேட்கும்போது அவரிடம் பதிலே இல்லை. கடைசியில் எல்லோருக்கும் கபாப் கேட்கிறார். துப்பாக்கி ஏந்திய அரபியர் என்ற ஹாலிவுட் பிம்பத்தை இதைவிடக் கூர்மையாக உடைத்த படம் அரிது. ஆனால் எந்த ஹாலிவுட் படத்துக்கும் பதிலாக அது எடுக்கப்படவில்லை. தாசில்தார் அலுவலகத்தில் கால் கடுக்க நின்ற நமக்கே அந்தச் சிரிப்பு புரியும். இத்தகைய படங்களைத் தேடிப் புதிதாக சப்டைட்டில் போட்டுத் தருவது, விருதுப் படத்தை வரவழைப்பதைவிடப் பெரிய பணி.

இரண்டாவது குறை, தன்னைத்தானே விசாரிப்பதில் வரும் தயக்கம். வெளியே பழி சுமக்கும் சமூகம் வீட்டுக் குறையை மேடையேற்ற அஞ்சுவது இயல்பு. ஆனாலும் மாஹெர் அபி ஸம்ராவின் 'வீட்டுக்கொரு பணிப்பெண்' (2016) போன்ற ஆவணப்படங்கள் அவசியம். பெய்ரூட்டில் வேலைக்காரப் பெண்களைத் தருவிக்கும் ஒரு முகவர் அலுவலகத்துக்குள் அமர்ந்து, மனிதர்கள் எப்படிச் சரக்காகப் பேசப்படுகிறார்கள் என்று அது காட்டுகிறது. நதீன் லபக்கியின் 'கபர்நாவும்' (2018) படத்தில் எத்தியோப்பியப் பணிப்பெண்ணைத் துரத்துவதும், தொழிலாளியின் தங்கும் அனுமதியை முதலாளியோடு பிணைக்கும் கஃபாலா என்ற அதே முறைதான். இலங்கையிலிருந்தும் தமிழகத்திலிருந்தும் அரபு நாடுகளுக்கு வீட்டுவேலைக்குச் சென்ற பெண்களின் குடும்பங்களுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. கொண்டாட்டத்தின் நடுவே இந்தக் கேள்விக்கும் இடம் தரும் விழாவையே நான் முழுமையாக நம்புவேன்.

மூன்றாவது, யாருக்கான விழா என்பது. சான் பிரான்சிஸ்கோவை அடுத்த ஓக்லண்டில் மூலைக்கு மூலை யேமனியர் நடத்தும் மளிகைக் கடைகள் உண்டு. இரவு வெகுநேரம் கல்லாவில் இருப்பவர் மாலைக் காட்சிக்கு எப்படி வருவார்? யேமனின் ஏடன் நகரைச் சேர்ந்த இயக்குநர் அம்ர் கமால் 2018இல் எடுத்த 'கல்யாணத்துக்குப் பத்து நாள்', போரால் தள்ளிப்போன திருமணத்தை நடத்தப் பாடுபடும் ஒரு ஜோடியின் கதை. ஏடனில் திரையரங்கு இல்லாததால் கல்யாண மண்டபத்தில் திரை கட்டிக் காட்டினார்கள், மக்கள் திரண்டார்கள். சமூகத் திரையிடலுக்கு இதைவிட நல்ல முன்மாதிரி தேட வேண்டாம். பள்ளிவாசல் வளாகம், தேவாலயக் கூடம், ஞாயிறு மதியக் காட்சி என்று படம் மக்களிடம் போக வேண்டும்.

காஸா எரியும் காலத்தில் சாட்சி சொல்வதைவிட வேறென்ன வேலை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ரஷீத் மஷராவி ஒருங்கிணைத்த 'ஃப்ரம் கிரவுண்ட் ஸீரோ' (2024) காஸாவுக்குள்ளிருந்து வந்த 22 குறும்படங்களின் தொகுப்பு. அதைத் திரையிடுவது கடமை. ஆனால் அந்தக் கலைஞர்கள் இடிபாட்டை மட்டும் படமெடுக்கவில்லை. மேடை நகைச்சுவைக் கலைஞர் ஒருவர் தன் நிகழ்ச்சிக்குத் தயாராவதும் அதில் ஒரு படம். குண்டு மழைக்கு நடுவிலும் தங்களை வெறும் பலியாட்களாகக் காட்ட அவர்கள் சம்மதிக்கவில்லை. பாதுகாப்பான நகரங்களில் விழா நடத்துவோர் அவர்களைவிடக் குறுகலாகத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணமே இல்லை. 1996இல் பதில் சொல்வதே துணிச்சலாக இருந்தது. இன்று சிரிப்பையும் சண்டையையும் சுயவிமர்சனத்தையும் அந்தப் பதிலோடு ஒரே வரிசையில் திரையிடுவதே துணிச்சல். அதற்கான ஊர் நம்பிக்கையை இவ்விழா ஏற்கெனவே சம்பாதித்திருக்கிறது.