மெய்க்கீர்த்திக்குக் கீழே

சோழர் காலத்துக் கல்வெட்டில் பெரும்பாலும் முதலில் மெய்க்கீர்த்தி வரும். அரசன் எந்தெந்த நாடுகளை வென்றான், யார் யாரை முறியடித்தான் என்கிற பட்டியல். ராஜராஜன் காலத்தில் ஆரம்பித்து நிலைபெற்ற சம்பிரதாயம். இது முடிந்த பிறகுதான் கல்வெட்டு எதற்காக வெட்டப்பட்டதோ அந்த விஷயம் வருகிறது. எவ்வளவு நிலம், எத்தனை கலம் நெல், யார் பொறுப்பு, என்ன வட்டி. மெய்க்கீர்த்தி கடிதத் தாளின் தலைப்பு மாதிரி. கடிதம் அதற்குக் கீழே இருக்கிறது. நம் சரித்திர நாவலாசிரியர்கள் தலைப்பை மட்டும் வாசித்துவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டார்கள் என்பதுதான் என் குற்றச்சாட்டு.

நாகப்பட்டினத்தை எடுத்துக்கொள்ளலாம். கடாரத்து அரசன் மாற விஜயோத்துங்க வர்மன் தன் தந்தை சூடாமணி வர்மன் பெயரில் அங்கே ஒரு பௌத்த விஹாரம் கட்டுகிறான். அதற்கு ஆனைமங்கலம் என்கிற ஊரை ராஜராஜன் பள்ளிச்சந்தமாக விடுகிறான். இது 1006ஐ ஒட்டி. இந்த ஆணையைச் சொல்லும் செப்பேட்டில் 21 ஏடுகள். ஐந்து ஏடுகளில் சமஸ்கிருதம், பதினாறு ஏடுகளில் தமிழ். சமஸ்கிருதம் வம்சப் பெருமை பேசுகிறது. தமிழ் எல்லை பேசுகிறது. பெண்யானையை நடத்தி எல்லை வகுத்தது, வாய்க்கால், வரப்பு, கையெழுத்திட்ட அதிகாரிகள், நீக்கியது போக நின்ற நிலம் 97 வேலிச் சொச்சம், அதன் வருவாய் 8,943 கலத்துச் சொச்சம் நெல். நம் மொழி எந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான அத்தாட்சி வேண்டியதில்லை.

தந்தையின் இந்த ஆணையைச் செப்பேட்டில் ஏற்றி நிரந்தரமாக்கியவன் ராஜேந்திரன். 1025இல் அதே கடாரத்தின் மேல் கப்பல் படை அனுப்பியவனும் அவன்தான். பிறகு 1090இல் கடாரத்துத் தூதர்கள் வந்து கேட்க, முதலாம் குலோத்துங்கன் நாகப்பட்டினத்துப் பள்ளிகளின் ஊர்களுக்கு வரிவிலக்கை உறுதி செய்து இன்னொரு செப்பேடு தருகிறான். எண்பத்து நான்கு வருஷங்களில் நடுவே ஒரு படையெடுப்பு. ஆனாலும் கோப்பு மூடப்படவில்லை. விஹாரத்தின் மிச்சமாக நின்ற கோபுரமும் 1867இல் இடிக்கப்பட்டுவிட்டது. ஆனைமங்கலத்துக் கணக்கு மட்டும் இருக்கிறது.

நம் நாவல்கள் இதிலிருந்து என்ன எடுத்துக்கொண்டன? 1025ஐ எடுத்துக்கொண்டன. கப்பல், கடல், கடாரம், வீரன், அவனுக்காகக் காத்திருக்கும் பெண். கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னில் சூடாமணி விஹாரம் வருகிறது. இளவரசன் ஜுரம் தீர்ந்து எழுவதற்கும், புயல் வெள்ளத்தில் கதை வேகம் கொள்வதற்கும் ஏற்ற இடமாக வருகிறது. அந்த நாவல் ஐந்து பாகம் ஓடி, அருள்மொழி முடியை இன்னொருவனுக்கு விட்டுக்கொடுக்கும் இடத்தில் முடிகிறது. அதாவது, அவன் ஒரு ஆணையில்கூடக் கையெழுத்துப் போடுவதற்கு முன் முடிந்துவிடுகிறது. கல்கியின் சாமர்த்தியத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவருடைய அரசன் ஆளவே ஆரம்பிக்கவில்லை என்பதைத்தான் சொல்கிறேன். சாண்டில்யனின் ‘கடல் புறா’வுக்கு வந்தால் துறைமுகம் வெறும் மேடைத் திரை.

கணக்கில் என்ன இலக்கியம் இருக்கிறது என்று கேட்கலாம். வங்கியில் பகலைக் கழிக்கிறவன் என்பதால் எனக்கு இந்தக் கேள்வி பழக்கமானது. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் கோயில் பணம் ஊர்ச் சபைகளிடம் கடனாகப் போகிறது. வட்டி, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு. பன்னிரண்டரை சதவீதம். நெல் அளக்கிற மரக்காலுக்குப் பெயர் ஆடவல்லான். கூத்தாடும் தெய்வத்தின் பெயரை அளவைக்கு வைத்த மனத்தில் பக்தி எது, நிர்வாகம் எது என்று பிரிப்பது சிரமம். இந்த நிர்வாகத்தின் பிடி அரசனிடம் இருந்ததா, நாட்டாரிடமும் ஊராரிடமும் இருந்ததா என்று நீலகண்ட சாஸ்திரியிலிருந்து பர்ட்டன் ஸ்டைன், கராஷிமா, சுப்பராயலு வரை சரித்திரக்காரர்கள் வழக்காடியிருக்கிறார்கள். நாவலாசிரியனுக்கு இப்படி ஒரு வழக்கு இருப்பதே தெரியாது.

நந்தா விளக்கு ஒன்றுக்கு 96 ஆடு என்பது கோயில்களில் வழக்கமான கணக்கு. ஆடுகளை வாங்கிக்கொண்ட இடையர் தினமும் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். சாகாத, மூப்படையாத ஆடுகள். ஆடு சாகும், கணக்கில் சாகாது. அசல் என்பதற்கு இதைவிடக் கச்சிதமான சொல் எனக்குத் தெரியாது. நோய் விழுந்து பட்டி பாதியாகிப் போன ஒரு வருஷத்தில், விடிவதற்கு முன்னால் உழக்கு நெய்க்கு அந்த இடையர் எங்கே போனார்? விளக்கு எரிந்தது என்பதுதான் கல்லுக்குத் தெரியும். இந்தக் கேள்வியிலிருந்து ஒரு நாவல் புறப்பட முடியும். அதற்குக் கடாரம் வரை போக வேண்டியதில்லை.

அதே பெரிய கோயிலில் தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரின் பட்டியல் இருக்கிறது. தெரு, சிறகு, வீட்டு எண், எந்தக் கோயிலிலிருந்து வந்தவள், பெயர். தெற்குத் தளிச்சேரி, தென்சிறகு, தலைவீடு, திருவையாற்றிலிருந்து வந்த நக்கன் சேரமங்கை, பங்கு ஒன்று. பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். அடுத்த வீடு, அடுத்த பெயர். ஒருத்தி செத்தாலோ வேற்றூர் போனாலோ உறவில் தகுதி உள்ளவருக்கு அந்தப் பங்கு போக வேண்டும் என்பது வரை யோசித்திருக்கிறார்கள். விருப்பத்தோடு வந்தார்களா, திருவாரூரிலும் திருவையாற்றிலும் யாரை விட்டுவிட்டு வந்தார்கள் என்பதற்குப் பத்தி இல்லை. நாவலில் இந்தத் தெரு வந்தால் நாட்டியச் சலங்கையாக வருகிறது. கதவு எண்ணோடு வருவதில்லை.

மெய்க்கீர்த்திப் பெருமைக்குப் பதிலாக நிர்வாகப் பெருமை என்று ஒன்றைக் கிளப்புவது என் நோக்கமில்லை. அப்படி ஒரு பெருமையும் ஏற்கெனவே நடமாடத்தான் செய்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன்பே நாம் எப்படி ஆண்டோம் பார், என்று. கணக்குத் தெரிந்தவன் கழித்தலையும் பார்க்க வேண்டும். கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களின் நிலத்தைத் தஞ்சைக் கல்வெட்டுகள் அளக்கும்போது வரி இல்லாத இடங்களைக் கழித்துவிடுகின்றன. ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், ஊடறுத்துப் போன வாய்க்கால்கள், பறைச்சேரி, கம்மாணச்சேரி, சுடுகாடு. ஊர் ஊராக இந்தக் கழித்தல் திரும்பத் திரும்ப வருகிறது. வயலில் இறங்கி அந்த நெல்லை விளைவித்தவர்களில் ஒரு பகுதியினர் கணக்கில் இடம் பெறுவது வாய்க்காலுக்கும் சுடுகாட்டுக்கும் நடுவே, நீக்கப்பட்ட இனமாக. இங்கே பெயர் இல்லை, வீட்டு எண்ணும் இல்லை. நிர்வாகம் எத்தனை துல்லியமோ அத்தனை துல்லியம் இந்த மௌனமும்.

விதிவிலக்குகள் உண்டு. புதுமைப்பித்தன் ‘சிற்பியின் நரக’த்தில் காவிரிப்பூம்பட்டினத்தைச் சில பக்கங்களில் நிறுத்திக் காட்டினார், அங்கே ராஜா முக்கியமில்லை, செய்கிறவன் முக்கியம். ஆனந்தரங்கப் பிள்ளை புதுச்சேரித் துறைமுகத்தில் 1736இலிருந்து எழுதிய நாட்குறிப்பில் கப்பல் வரத்தும் சரக்கும் லஞ்சமும் 1748இல் வேதபுரீஸ்வரன் கோயில் இடிபட்டதும் ஒரே மையில் இருக்கின்றன. பிரபஞ்சன் ‘மானுடம் வெல்லும்’ எழுதியபோது அந்தக் குறிப்புகளைத்தான் ஆதாரமாகக் கொண்டார். அதனால்தான் அந்த நாவலில் மனிதர்களுக்குப் பிழைப்பு என்று ஒன்று இருக்கிறது.

சோழ நாட்டுக்கு இது இன்னும் நடக்கவில்லை. ஆவணம் இல்லை என்று சொல்ல முடியாது. தஞ்சைக் கல்வெட்டுகள் 1890களிலிருந்து அச்சில் கிடைக்கின்றன. நம் நாவலாசிரியர்கள் அவற்றைத் திறந்து முதல் சில வரிகளோடு நின்றுவிட்டார்கள். நீக்கியது போக நின்ற நிலம் இவ்வளவு என்று கல்வெட்டு சொல்கிறது. நின்ற நிலம் கோயிலுக்குப் போயிற்று. இனி எழுத வருகிறவன் நீக்கிய நிலத்திலிருந்து ஆரம்பிக்கட்டும்.