முத்துக்குளித்துறையில் ஒரு சொல்: வேண்டுதலும் விச்வாஸமும்

முத்துக்குளித்துறைப் பரதவர்களுக்குக் கிறிஸ்தவ ஸமயத்தைக் கற்பிக்க 1542-ஆம் ஆண்டு வந்த பிரான்சிஸ் சவேரியார், இருமொழி அறிந்த உள்ளூரார் துணையுடன் ஜபங்களையும் நம்பிக்கை அறிக்கையையும் தமிழாக்குவித்து, மனனம் செய்து ஓதிவந்தார். 1544-இல் தம் உடனூழியரான மன்சிலாஸுக்கு எழுதிய கடிதமொன்றில் அவர் ஒரு திருத்தம் சொல்கிறார். ‘விச்வஸிக்கிறேன்’ என்னும் பொருளில் அவ்வறிக்கையில் இதுகாறும் ஓதப்பட்டது ‘வேணும்’ என்ற சொல். அது விருப்பத்தையே குறிக்குமாதலால், அதை நீக்கி விச்வாஸத்தைக் குறிக்கும் சொல்லை இடவேண்டும் என்பதே அத்திருத்தம்.

இதனை வேற்றுநாட்டார் தமிழில் நேர்ந்த பிழை என்று கூறி மேற்செல்வது எளிது. அகராதிப் பொருளை நோக்கின் திருத்தம் சரியே. ஆயினும் ரஹஸ்யார்த்தங்களில் பயின்றவர்க்கு இவ்விரு சொற்களும் பழகியவை. ப்ரபத்திக்கு ஆநுகூல்ய ஸங்கல்பம், ப்ராதிகூல்ய வர்ஜநம், மஹாவிச்வாஸம், கோப்த்ருத்வ வரணம், கார்ப்பண்யம் என ஐந்து அங்கங்கள் கூறப்படும். ‘அவன் ரக்ஷித்தே தீருவான்’ என்னும் உறுதி மஹாவிச்வாஸம். ‘நீயே ரக்ஷகனாக வேணும்’ என்னும் வேண்டல் கோப்த்ருத்வ வரணம். ஆக, நீக்கப்பட்ட சொல்லும் இடப்பட்ட சொல்லும் ஓரங்கிக்கு உரிய ஈரங்கங்களாக நம் ஸம்ப்ரதாயத்தில் அருகருகே நிற்கின்றன. விச்வாஸமில்லாத வேண்டல் பேரமாகும். வேண்டலில்லாத விச்வாஸம் தத்துவம் அறிந்ததோடு நின்றுவிடும்.

பரதவர் வரலாற்றுக்கும் இப்பாகுபாடு பயன்படும். 1535 முதல் 1537 வரையிலான காலத்தில் அவர்கள் திரளாக ஞானஸ்நானம் பெற்றனர். முத்துக்குளிப்பில் எழுந்த பூசல்களில் உயிரும் பிழைப்பும் இடருற்றபோது, போர்த்துகீசியரின் காவலை நாடியே அவர்கள் அவ்வழி சென்றனர் என்பது வரலாற்றாசிரியர் முடிபு. இதைக் கொண்டு, ‘அது அரசியலேயன்றி ஸமயமன்று’ என்று நம்மவர் சிலர் இகழ்வதுண்டு. அவ்விகழ்ச்சி நம் நூல்களுக்கு ஒவ்வாது. ப்ரபத்திக்கு தேச, கால, ப்ரகார, அதிகாரி, பல நியமங்கள் இல்லை என்றும், விஷய நியமமே உள்ளது என்றும் பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீவசனபூஷணத்தில் அறுதியிடுகிறார். பல நியமம் இல்லாமைக்கு அவர் காட்டும் நிரையில், ராஜ்யம் விரும்பிய தர்மபுத்ராதிகளும், வஸ்த்ரம் விரும்பிய த்ரௌபதியும், ப்ராணன் விரும்பிய காகமும் காளியனும் உளர். கடலைக் கடக்க விரும்பிய பெருமாளும் உளர். உயிரையும் கடற்பிழைப்பையும் விரும்பிப் புகலடைந்ததாலேயே ஒரு குலத்தின் வேண்டலைப் பொய்யென்பதற்கு இங்கே இடமில்லை.

மாறாக, நம்மை நோக்கியே எழ வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. தாமிரபரணி கடலில் கலக்குமிடம் புன்னைக்காயல். ஆழ்வார் அவதரித்த திருக்குருகூர் அதே ஆற்றின் கரையில் உள்ளது. குகப்பெருமாளின் சரிதம் பேசப்படும் நாட்டில், ஓடம் செலுத்துவோர் குலம் புகல் தேடியபோது கடல் கடந்து வந்த கப்பலை நோக்கியது ஏன்? இதற்கு விடையாகப் பிற ஸமயத்தாரைக் குறைகூறுவது போதாது.

பாதிரிமார் பக்கத்தும் குறையுண்டு. புகலும் ஞானஸ்நானமும் ஓருடன்படிக்கையின் இரு தலைப்புகளாக்கப்பட்டன. சரண்யனாவான் விலை கேளான் என்பது நம் ஆசார்யர்களின் துணிபு. அரசனின் காவலை இறைவனின் காவலோடு பிணைத்த அம்முறை சரண்யனின் பெருமையைக் குறைப்பதாகும்.

இருதரத்தாரும் நேரில் சந்தித்த செய்தியும் உண்டு. 1544 ஜனவரிக் கடிதத்தில் சவேரியார், ஒரு கோயிலில் இருநூற்றுக்கும் மேற்பட்ட அந்தணரைக் கண்டு உரையாடியதை எழுதுகிறார். அது திருச்செந்தூர் என்பர் ஆய்வாளர். அவர் வினவினார், அவர்கள் விடை கூறினர், பின்னர் அவர் எழுந்து தம் நம்பிக்கை அறிக்கையையும் கற்பனைகளையும் அவர்கள் மொழியில் உரக்க ஓதினார். மன்சிலாஸுக்கு எழுதிய திருத்தம் இதற்குப் பிற்பட்டதாதலின், அவையோர் செவியில் விழுந்தது ‘வேணும்’ என்ற சொல்லாகவே இருந்திருத்தல் கூடும். ‘யாரிடம் எதை வேண்டுகிறீர்?’ என்று அவருள் ஒருவர் வினவியதாகக் கடிதத்தில் செய்தியில்லை. அவ்வினா எழுந்திருப்பின், அன்று இரு ஸமயங்களும் உண்மையில் பேசத் தொடங்கியிருக்கும்.

சவேரியாருக்குப் பின் வந்த ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அடிகளார் இக்குறையை உணர்ந்தவர். அவர் இக்கரையிலேயே பல்லாண்டு வாழ்ந்து தமிழ் பயின்று, போர்த்துகீசிய மொழியில் தமிழிலக்கணம் வரைந்தார். அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ 1578-இல் கொல்லத்தில் அச்சேறியது. பிறர் மொழியில் அதிகாரம் பெற்ற பின்னரே பேசவேண்டும் என்பதற்கு அவ்வாழ்வு சான்று. அந்நூல்களை அதே உழைப்போடு கற்று மறுமொழி கூறும் கடன் நமக்கும் உண்டு.

இதனால் எல்லாம் ஒன்றே என்பது பெறப்படாது. விஷய நியமம் நிற்கிறது; யாரைப் பற்றுவது என்பதில் ஸ்ரீவைஷ்ணவன் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. வேண்டுவோன் நிலையையோ அவன் நன்கறிவான். ஆகிஞ்சந்யம் அவனுக்கும் பரதவனுக்கும் பொதுவானது. விஷயத்தில் மாறுபாட்டை மறையாது சொல்லி, வேண்டுவோனை இகழாதிருப்பதே ஸம்ப்ரதாயத்துக்கு ஏற்ற உரையாடல் நெறி.