மணையா, மனையா?

காய் நறுக்க உட்காரும் பலகையும் அதில் செருகிய வளைந்த இரும்பும் சேர்ந்த பொருளை அரிவாள்மணை என்று எழுதுவதா, அரிவாள்மனை என்று எழுதுவதா? தமிழ்த்துறைகளில் இது ஓயாத சண்டை. விடைத்தாளில் இதற்கு ஒரு மதிப்பெண் குறைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இலக்கணப்படி வழக்கு எளியது. மணை என்றால் உட்காரும் பலகை. 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி, புணர்ச்சி விதி பிசகாமல் ‘அரிவாண்மணை’ என்றே பதிகிறது. அக்கம்பக்கத்து மொழிகளும் இதற்குச் சாட்சி. கன்னடத்தில் ஈளிகெ மணெ, தெலுங்கில் கத்திபீட. மணெயும் பீடவும் பலகைகள்தான். பேச்சில் ணகரமும் னகரமும் கலந்துவிட்ட ஊர்களில் மணை மனையாகியது. கடைப்பலகைகளிலும் அப்படியே ஏறிவிட்டது.

என்னோடு வேலை செய்யும் சில பெண்ணியத் தோழிகளுக்கோ மனைதான் பிடித்திருக்கிறது. பெண்கள் வாயில் வழங்கும் வடிவம் அது, வீட்டுக்குள் நுழைந்த அரிவாள் என்று வாசித்தால் கலகமும் தொனிக்கிறது என்பது அவர்கள் வாதம். பேச்சு வழக்கைக் கொச்சை என்று தள்ளக்கூடாது என்பது வரை நானும் அவர்கள் பக்கம். அதற்கு மேல் வர முடியவில்லை. மனை என்றால் வீடு, மனைவியும் கூட. ஒரு பெண்ணின் கருவிக்குப் பெயர் சொல்லும்போது அங்கேயும் வீட்டையும் மனைவியையும் கொண்டுவந்து உட்கார வைப்பதில் என்ன கலகம் இருக்கிறது? (கல்யாணத்தில் நம்மை உட்கார வைப்பதும் மணையில்தான். அந்த வேடிக்கையை இழக்க எனக்கு மனமில்லை.)

மணை என்ற சொல் வேலையைச் சொல்கிறது. மற்ற கத்திகளில் கை அசைகிறது, வெட்டுபடும் பொருள் கிடக்கிறது. இங்கே இரும்பு அசையாது. பலகையைக் காலால் அழுத்திக்கொண்டு, தன்னைப் பார்த்து நிற்கும் கூர்முனையை நோக்கி இரண்டு கையாலும் வாழைப்பூவையோ மீனையோ தள்ள வேண்டும். அலகு எத்தனை கூராக இருந்தாலும், மணை ஆடினால் விரல் போகும். இதைச் செய்தவர்கள்தான் இந்தப் பெயரை வைத்திருக்க வேண்டும் என்று நினைக்கத் தோன்றுகிறது.

ஆனால் அலகுக்கு? ஆண் கையில் இருக்கும் இரும்புகளைப் பாருங்கள். வீச்சரிவாள், வெட்டரிவாள், வளைந்திருப்பதால் கொடுவாள், தேள் கொடுக்கை நினைவூட்டும் பிச்சுவா. வடிவமும் செயலும் பெயரிலேயே இருக்கின்றன. அடைமொழி இல்லாமல் அரிவாள் என்றாலே சினிமா நமக்கு ஓர் ஆணைத்தான் காட்டும். அதே பெயரில் பெண்கள் வயலில் பிடித்த கருக்கரிவாளுக்கு அங்கே இடமில்லை. கருக்கு என்றால் என்ன என்று கேட்கும் மாணவிகளுக்குப் பாமாவின் நூலைக் காட்டுவேன். பனைமட்டை ஓரத்துப் பற்களின் பெயரை 1992இல் ஒரு தலித் பெண் தன் வாழ்க்கைக்குத் தலைப்பாக்கினார். அரிவாள்மணைக்கு அப்படி ஒரு சொல் கிடைக்கவில்லை. நம் அகராதிகள் பொதுவாகக் காய்கறி அரியும் கருவி என்பதோடு நின்றுவிடுகின்றன.

இந்த இடத்தில் வடதுருவத்துக்குப் போய்வர வேண்டியிருக்கிறது. இன்யூட் பெண்கள் தோல் உரிக்க, உணவு வெட்ட, உடை தைக்கத் தோலை அறுக்கப் பயன்படுத்தும் பிறை வடிவக் கத்தி உலு. அமெரிக்க தேசிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஓட்டிஸ் மேசன் 1892இல் வெளியான தன் கட்டுரையின் தலைப்பிலேயே அதைப் ‘பெண்ணின் கத்தி’ என்று அழைத்தார். 1899இல் வட அமெரிக்கப் பூர்வகுடிகளிடையே ‘ஆணின் கத்தி’ பற்றித் தனியாக இன்னொன்று எழுதினார். கத்திகளை இப்படிப் பால்பிரித்து அடுக்குவது எனக்கு உவப்பில்லை. ஆயினும் அவர் ஒவ்வோர் உலுவையும் கையில் எடுத்துப் பார்த்தார். எந்தப் பகுதியில் பிடி எப்படி, அலகு எப்படி என்று படத்தோடு பதிந்தார். ணகரமா னகரமா என்று அடித்துக்கொள்ளும் நாம், அரிவாள்மணையின் வளைவு ஊருக்கு ஊர் எப்படி மாறுகிறது என்று குனிந்து பார்க்கவில்லை.

போன பருவத்தில், வீட்டிலிருக்கும் அரிவாள்மணையை வரைந்து, அதன் பகுதிகளுக்கு வீட்டில் என்ன பெயர் என்று எழுதிவரச் சொன்னேன். தேங்காய் துருவும் நுனிக்குத் துருவல், திருவல் என்று வந்தன. மீனுக்கு ஒன்று, காய்க்கு ஒன்று என்று இரண்டு படம் வரைந்தவர்கள் இருந்தார்கள். ஒருத்தியின் தாளில் எதுவுமில்லை. அம்மாயிக்கு மூட்டுவலி வந்ததிலிருந்து மேடையில் கத்தியும் பலகையும்தானாம். இரும்பைப் பழைய இரும்புக்கடையில் எடைக்குப் போட்டார்கள், மணையை வெந்நீர் அடுப்பில் வைத்தார்கள். அலகு எப்படி வளைந்திருக்கும் என்று கேட்டேன். அம்மாயியிடம் கேட்டு வரைந்து வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.