யார் வீட்டு ஆத்தா?

‘மதயானைக் கூட்டம்’ 2013 டிசம்பர் கடைசியில் வந்தது. தேனியில் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்து பார்த்தேன். செவனம்மாவாக விஜி சந்திரசேகர் வந்த இடமெல்லாம் விசில். பக்கத்தில் இருந்த காலேஜ் பையன், “எங்க அப்பத்தா இப்படித்தாண்ணே” என்றான். குரலில் அவ்வளவு பெருமை. எனக்கும் ஒரு அப்பத்தா இருந்தாள். உத்தமபாளையத்து வயக்காட்டில் நாற்று நட்டே கூன் விழுந்தவள். அவளைப் போல ஒருத்தி திரையில் வந்தால் இந்தப் பையன் விசிலடிப்பானா? அந்தக் கேள்வியோடுதான் வீடு திரும்பினேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். விக்ரம் சுகுமாரன் மட்டமான படம் எடுக்கவில்லை. மதுரை, தேனி வட்டாரத்துக் கள்ளர் வாழ்க்கையை, அதிலும் சாவு வீட்டை, இவ்வளவு உன்னிப்பாகக் காட்டிய படம் குறைவு. ஒருவனுக்கு இரண்டு குடும்பம். அவன் செத்ததும் செய்முறைக்கு யார் வரலாம், யார் வரக்கூடாது என்று தகராறு. அது கொலையில் போய் முடிகிறது. மூத்த வீட்டுக்காரி செவனம்மா. அவள் பின்னால் உடன்பிறந்தவன் வீரத்தேவர். அந்த வேடத்தில் நடித்தவர் ‘குற்றப் பரம்பரை’ நாவலை எழுதிய வேல ராமமூர்த்தி. அந்தச் சாதியின் கௌரவம் அந்தச் சாதியின் பிள்ளைகளையே தின்பதைப் படம் மறைக்கவில்லை. அதை மதிக்கிறேன்.

ஆனாலும் ஒரு சந்தேகம் தீரவில்லை. செவனம்மாவிடம் உண்மையில் என்ன அதிகாரம் இருக்கிறது? புருஷன் இன்னொரு குடும்பம் வைத்தபோது அவளால் தடுக்க முடியவில்லை. பஞ்சாயத்தில் பேச்சு ஆம்பளைகளுடையது. அருவாளும் அவர்கள் கையில். சாதிமானத்துக்குக் காவல் இருக்கிற வரைக்கும்தான் அவள் ‘ஆத்தா’. அவள் அழுகையைக் காட்டித்தான் ஆம்பளைகள் கொலைக்குக் கிளம்புகிறார்கள். இதைப் பெண்ணின் அதிகாரம் என்று வாசிக்கிறவர்கள் ஏமாந்து போகிறார்கள். சாதி பெண்ணைக் கட்டிப்போட்டுத்தான் உயிர் வாழ்கிறது என்று அம்பேத்கர் 1916இலேயே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த கட்டுரையில் விளக்கினார். செவனம்மாவை அந்த வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும்.

ஒப்பிட ஒரு நிஜக் கதை இருக்கிறது. குஜராத்தில் போர்பந்தர். காந்தி பிறந்த ஊர். அங்கே மேர் சாதியில் சந்தோக்பென் ஜடேஜா. புருஷன் சர்மன் முஞ்சா ஆலைத் தொழிலாளி. வேலைநிறுத்தத்தை உடைக்க வந்த அடியாளைக் கொன்றுதான் அவன் தாதா ஆனான் என்கிறார்கள். 1986இல் அவனும் கொல்லப்பட்டான். அதன்பின் கும்பல் அவள் கைக்கு வந்தது. 1990இல் குத்தியானா தொகுதியில் ஜனதா தளம் சார்பில் ஜெயித்து சட்டமன்ற உறுப்பினரும் ஆனாள். 2011இல் செத்தாள். அவள் மகனும் பிறகு அதே தொகுதியில் ஜெயித்தான். அவள் வாழ்க்கையைத் தழுவியது என்று பேசப்பட்ட படம் ‘காட்மதர்’. வினய் சுக்லா இயக்கியது, 1999இல் வந்தது. ஷபானா ஆஸ்மிக்கு தேசிய விருது வாங்கித் தந்தது.

அந்தப் படத்து ராம்பி கடைசியில் ஒரு காரியம் செய்கிறாள். தன் மகன் ஆசைப்பட்ட பெண் ஒரு முஸ்லிம் பையனை விரும்புகிறாள் என்று தெரிந்ததும், மகனுக்கும் சாதிக்கும் எதிராக அந்தப் பெண் பக்கம் நிற்கிறாள். இது சினிமாக்காரர்களின் விருப்பமாக இருக்கலாம். நிஜத்தில் ஒரு கும்பல் தலைவியை இப்படிப் புனிதப்படுத்துவது சரியா என்றும் கேட்கலாம். கேட்கவும் வேண்டும். ஆனால் ஒரு ஆத்தா சாதியை மீறினால் என்ன ஆகும் என்ற கேள்வியையாவது அந்தப் படம் போட்டது. நம்ம ஊர் ஆத்தாக்களிடம் எந்தக் கதையும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். இது கசப்பான பேச்சு.

‘குற்றக் குடும்பம்’ என்ற சொல்லுக்கு இந்த மண்ணில் ஒரு வரலாறு உண்டு. 1871இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த குற்றப் பழங்குடிகள் சட்டம், 1911இல் திருத்தப்பட்டு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. சில வருஷத்தில் பிரமலைக் கள்ளர்கள் மேல் பாய்ந்தது. சனங்க அதை ரேகைச் சட்டம் என்றார்கள். கைநாட்டுப் பதிவு, ராத்திரியில் ஸ்டேஷனில் படுக்கை, வெளியூர் போக ராதாரிச் சீட்டு. ஆண்டிபட்டிக் கணவாய்க்கு அந்தப் பக்கம் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று ரேகை வைக்க மறுத்தவர்களைப் போலீஸ் சுட்டது. செத்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருத்தி. காயம்பட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவள் என்று அந்தப் பக்கத்தில் சொல்கிறார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947இல்தான் ஒழிந்தது.

மாயக்காளும் ஒரு ஆத்தாதான். அவள் எந்தக் குற்றமும் செய்யவில்லை. பிறப்பே குற்றம் என்றது சட்டம். பிறப்பே தீட்டு என்று நம்மைச் சொன்னது எதுவோ, அதன் சித்தப்பன் மகன்தான் அந்தச் சட்டம். அம்பேத்கர் 1948இல் தீண்டப்படாதார் பற்றி எழுதிய நூலின் முன்னுரையில் குற்றப் பழங்குடிகள், ஆதிவாசிகள், தீண்டப்படாதார் என்று மூன்று கூட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, இவர்களை உண்டாக்கிய நாகரிகத்தை நாகரிகம் என்று சொல்லலாமா என்று கேட்டார். சிறைகளில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்த சாதி விதிகளை உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில்தான் ரத்து செய்தது. குற்றப் பழங்குடி என்ற பழைய முத்திரையும் அந்தத் தீர்ப்பில் பேசப்பட்டது.

அப்படியிருக்க, நம் கூட்டங்களில் கோபம் தலைக்கேறும்போது சில தோழர்கள் “குற்றப் பரம்பரைப் பயலுக” என்று பேசுகிறார்கள். கேட்டிருக்கிறேன். நானும் ஒரு காலத்தில் கைதட்டியிருக்கிறேன். அது வெள்ளைக்காரப் போலீஸின் பேச்சு. அதை நாம் எடுத்துப் பேசினால், பிறப்பை வைத்து மனுஷனை எடைபோடலாம் என்று நாமே ஒத்துக்கொள்கிறோம். அப்புறம் நமக்கு எந்த வாய் இருக்கும்?

அதற்காக நடந்ததை மறக்கச் சொல்லவில்லை. 1989 செப்டம்பரில் போடி, மீனாட்சிபுரம் பக்கம் நடந்த கலவரத்தில் நம் சனங்க செத்தார்கள், வீடுகள் எரிந்தன. ரேகைச் சட்டத்தில் அடிபட்ட ஒரு சாதி, கையில் நிலமும் ஆள்பலமும் ஓட்டும் வந்தபின் தனக்குக் கீழே ஒரு சாதியைத் தேடி அடித்தது. அடிபட்ட ஞாபகம் மட்டும் ஒருவனை நியாயவானாக்கிவிடாது. நமக்கும் இது பொருந்தும். பள்ளரும் பறையரும் அருந்ததியரைப் பார்த்து என்ன பேசுகிறோம் என்று நம் தெருவிலேயே கேட்டுப் பார்க்கலாம்.

‘மதயானைக் கூட்டம்’ மேல் என் குறை இதுதான். அவ்வளவு விரிவான சாவு வீட்டில் கொட்டடிப்பவன் வேண்டும், குழி வெட்டுபவன் வேண்டும், துக்கம் சொல்லிப் போகிறவன் வேண்டும். இந்த வட்டாரத்தில் அது எந்தத் தெரு ஆள் என்று எல்லோருக்கும் தெரியும். அவனுக்கும் ஒரு வீடு உண்டு. அங்கேயும் ஒரு ஆத்தா இருப்பாள். பெரிய வீட்டுப் பகையில் வெட்டுக்குத்து விழுந்தால் அன்றைக்கு அவளுக்குக் கூலி போச்சு. சாட்சி சொல்லச் சொன்னால் மகன் போச்சு. அந்த வீட்டு வாசலில் காமிரா ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை.

என் அப்பத்தா ஒருமுறை சாட்சிக்குப் போக மாட்டேன் என்றாள். கோழைத்தனம் என்று நினைத்து அவளோடு ஒரு வாரம் பேசாமல் இருந்தேன். “நீ படிச்சு வேற ஊருக்குப் போயிருவ. நான் நாளைக்கும் அவுக வயல்லதானடா இறங்கணும்” என்றாள். அதை எழுத எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. நம் பிள்ளைகள் படமெடுக்க வந்துவிட்டார்கள், எழுதுகிறார்கள். அருவாளுக்கு அருவாள் காட்டுகிற ஆத்தா நமக்கு வேண்டாம். வயலில் இறங்கின இவளைப் பற்றி எழுதுங்கள்.