தட்டி வைத்த காம்பரா: ஒரே லெப்டொப்பில் விண்டோசும் லினக்சும்

லயத்தில் மகனுக்குக் கல்யாணம் முடிந்தால், இருக்கிற காம்பராவுக்குள்ளேயே பலகையிலோ சாக்கிலோ தட்டி கட்டி மறைத்து இன்னொரு குடும்பத்துக்கு இடம் செய்துவிடுவார்கள். கூரையும் அதேதான், பீலித் தண்ணியும் அதேதான். உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கும் மகள், “அப்பா, லினக்ஸ் போட்டுப் பார்க்கணும்” என்று கேட்டபோது எனக்கு அந்தத் தட்டிதான் ஞாபகம் வந்தது.

அவளுடைய பாடத்தில் பணிசெயல் முறைமைக்கு ஓர் அலகு இருக்கிறது. வீட்டிலோ ஒரே லெப்டொப். அவளுடைய குறிப்புகள், என் டியூசன் வினாத்தாள்கள், கல்யாணப் படங்கள் எல்லாம் அதற்குள்தான். வன்தட்டைப் பிரித்து லினக்சை நிறுவப்போய்க் கை தவறினால் அத்தனையும் போகும். ஆகவே விண்டோசுக்கு உள்ளேயே, மென்பொருளால் ஆன இன்னொரு கணினியாக, ஒரு மெய்நிகர் இயந்திரம் அமைத்து, யட்டியாந்தோட்டைப் பக்கத்து இறப்பர்த் தோட்டமொன்றில் இருக்கும் எங்கள் வீட்டில் ஒரு மாதம் லினக்சை ஓட்டிப் பார்த்தோம்.

கருவி

வேர்ச்சுவல் பொக்ஸ் என்ற இலவச மென்பொருளைத்தான் எடுத்தோம். 2007இல் இன்னோடெக் என்ற ஜெர்மன் நிறுவனம் வெளியிட்டது; சன் நிறுவனத்துக்குக் கைமாறி, 2010இல் ஒரக்கிளிடம் போய்ச் சேர்ந்தது. யோசனை அதைவிடப் பழையது. ஒரு பெரிய கணினியைப் பலர் பங்குபோட்டுக்கொள்வதற்காக ஐபிஎம் 1972இலேயே விஎம்/370 என்ற முறைமையைக் கொண்டுவந்தது. ஒரு பெட்டிக்குப் பல பேர் என்ற கணக்கு எங்கள் வீட்டுக்கும் சரியாகத்தான் பொருந்துகிறது.

எங்கள் லெப்டொப் 6ஆம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு இந்தச் சிப் தகுதி பெறாது. என்றாவது லினக்சுக்கே குடிபெயர வேண்டி வரலாம் என்பதால் இது எனக்கும் ஓர் ஒத்திகை. ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: உள்ளே ஓடுவது புதியது என்பதற்காக வெளியே இருக்கும் பழைய விண்டோஸ் பாதுகாப்பாகிவிடாது.

ஆமை

லினக்ஸ் வகைகளில் நாங்கள் எடுத்த லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஈ பதிப்பு ஏறத்தாழ 3 ஜிபி. தோட்டத்தில் சிக்னல் ஒரு கோடு, மிஞ்சினால் இரண்டு. டவுனில் நண்பர் வீட்டு வைபையில் இறக்கி, பென் டிரைவில் கொண்டுவந்தேன். 3 ஜிபி ரேம், இரண்டு கோர், 25 ஜிபி வன்தட்டு ஒதுக்கினோம். மின்ட் குறைந்தபட்சமாகக் கேட்பது 2 ஜிபி ரேமும் 20 ஜிபி இடமும்.

முதல் நாள் சுட்டியை அசைத்தால் அம்பு அரை விநாடி கழித்துத்தான் நகர்ந்தது. சாளரத்தின் அடிப்பட்டையில் பச்சை நிறத்தில் ஒரு குட்டி ஆமை. விளையாட்டுக்குப் போட்ட படம் என்று நினைத்தேன். உண்மையில் அது எச்சரிக்கை. சிப்பின் மெய்நிகராக்க வசதியை விண்டோசின் சொந்த மெய்நிகராக்க மென்பொருளான ஹைப்பர்-வி ஏற்கனவே பிடித்து வைத்திருந்தால், வேர்ச்சுவல் பொக்ஸ் அதன் முதுகில் ஏறித்தான் ஓட வேண்டும். விண்டோஸ் பாதுகாப்பில் ஹைப்பர்-வியைப் பயன்படுத்தும் ‘மெமரி இன்டெக்ரிட்டி’யை நிறுத்தி, மீண்டும் தொடங்கினோம். “அப்பா, ஆமை போயிருச்சு!” அதன் பிறகு வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நிறுத்தியது ஒரு காவலைத்தான். கண்ட இடத்து பைலையும் திறக்கிற பழக்கம் உள்ளவர்கள் யோசித்துச் செய்யவும். பயோசில் மெய்நிகராக்கம் ‘எனேபிள்ட்’ ஆக இருக்க வேண்டும் என்பதும் முக்கியம்.

உடைத்துப் படித்தது

இந்த ஏற்பாட்டின் உயிர் ஸ்னப்ஷொட் வசதிதான். இயந்திரம் நல்லபடி ஓடும்போது அதன் நிலையைப் பதிந்து வைத்துவிட்டால், பிறகு என்ன ஆனாலும் அந்த இடத்துக்கே திரும்பலாம். இரண்டாம் வாரம் மகள் முனையத்தில் ஏதோ கட்டளை அடித்து, அமைப்பு பைல்கள் இருக்கும் ‘ஈடிசி’ போல்டரை முழுதாக அழித்துவிட்டாள். லினக்ஸ் எழும்பவில்லை. முகம் வெளிறி வந்து நின்றாள். ஸ்னப்ஷொட்டை மீட்டேன், ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் பழையபடி. அடுத்த நாள் வேண்டுமென்றே இன்னொரு போல்டரை அழித்துப் பார்த்தாள். பாடப்புத்தகம் தராத துணிச்சல் அது.

தமிழுக்கும் வழி இருக்கிறது. ஐபஸ்-எம்17என் பொதியைச் சேர்த்ததும் ரெங்கநாதன் விசைப்பலகை பட்டியலில் வந்தது. பாமினியில் அடித்த என் பழைய வினாத்தாள்கள், அந்த எழுத்துருவை உள்ளே நகலெடுத்த பிறகு லிப்ரே ஆபீசில் ஒழுங்காகத் திறந்தன. அட்டவணைகள் மட்டும் சில இடங்களில் நகர்ந்திருந்தன.

கரைச்சல்கள்

இரு பக்கத்துக்கும் பொதுவாக வைத்த போல்டர் முதலில் ‘அனுமதி இல்லை’ என்றே சொல்லும். லினக்ஸ் பயனரை விபொக்ஸ்எஸ்எஃப் குழுவில் சேர்க்க வேண்டும். சுட்டி உள்ளே மாட்டிக்கொண்டால் வலப்பக்கக் கன்ட்ரோல் விசை விடுவிக்கும். உள்ளே பைல்களை அழித்தாலும், வெளியே விண்டோசில் மெய்நிகர் இயந்திரத்தின் வன்தட்டாக இருக்கும் பைல் ஊதியபடியே இருக்கும்.

பெரிய கரைச்சல் இடி. ஒக்டோபர், நவம்பரில் பின்னேரமானால் இங்கே வானம் உறுமத் தொடங்கிவிடும். சார்ஜரைக் கழற்றினால் எங்கள் பற்றரி பத்து நிமிடம்தான் தாங்கும். அப்போதெல்லாம் ‘நிலையைச் சேமி’ என்று கொடுத்து மூடினால், மறுநாள் பாதி எழுதிய வரி உட்பட அப்படியே திறக்கிறது. கரண்டு போய்ச் சட்டென்று அணைந்தால் உள்ளிருக்கும் பைல்கள் பழுதாகலாம்.

யாருக்கு?

8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் இருந்தால் தாராளமாகச் செய்யலாம். குடும்பத்துக்கே ஒரே கணினி என்றால் கட்டாயம் செய்யலாம். 4 ஜிபி என்றால் வேண்டாம். ஒரு காம்பராவுக்குள் இரண்டு குடும்பம் முட்டி மோதி, இரண்டுமே மூச்சுத் திணறும். அவர்கள் பென் டிரைவிலிருந்து நேரடியாக லினக்சை ஓட்டிப் பார்க்கட்டும். அதில் நிறுவு என்ற பொத்தானை அழுத்தாதவரை விண்டோசுக்கு ஆபத்தில்லை.

இப்போது டியூசன் பிள்ளைகளும் “சேர், எங்களுக்கும் லினக்ஸ் போட்டுத் தாங்க” என்கிறார்கள். நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: “ரேம் எத்தனை?”