இரும்பு விலைக்கு ஒரு குண்டு

அதியன் ஆதிரையின் ‘இரண்டாம் உலகப்போரின் கடைசி குண்டு’ (2019) படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் அதன் போர் எதிர்ப்பையும், காதலுக்குக் குறுக்கே நிற்கிற சாதியையும்தான் பேசுகிறார்கள். பேசட்டும், இரண்டும் முக்கியம். எனக்கு அது முதலில் ஒரு பழைய இரும்புக் கடையின் படம். மோகனூர்க்காரனுக்கு அப்படித்தான் தெரியும். பக்கத்திலேயே நாமக்கல், லாரி கட்டுகிற ஊர். கட்டுகிற இடத்தில் உடைப்பதும் நடக்கும். சேஸ், ஆக்சில், ஸ்பிரிங் பட்டை என்று பிரித்துப் போட்டுவிட்டால் எது எந்த வண்டியிலிருந்து வந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள். கிலோ என்ன விலை, அவ்வளவுதான்.

படத்தின் உயிரும் இதில்தான் இருக்கிறது. மாமல்லபுரம் பக்கம் கரையொதுங்கிய குண்டு, இரும்புக் கடைக்கு வந்ததும் வெறும் எடையாகிவிடுகிறது. லோடோடு லோடாக தினேஷின் லாரியில் ஏறுகிறது. பின்னால் என்ன கிடக்கிறது என்று தெரியாமல் ஒருத்தன் ஓட்டிக்கொண்டு போகிறான். கடைக்குள் வேலை செய்கிறவர்களின் உடம்பு, அழுக்கு, கிண்டல் எல்லாம் நிஜமாக இருக்கின்றன. தமிழ் சினிமாவில் இந்த வேலையை இவ்வளவு நேரம் யாரும் காட்டியதில்லை என்றே நினைக்கிறேன்.

என் சண்டை வில்லனோடு. குண்டு வந்த கதைக்குப் பின்னால் ஆயுத பேரக் கும்பல் ஒன்றை வைத்ததும் படம் சுலபமாகிவிடுகிறது: கெட்டவன் சிக்கினால் பிரச்சினை முடிந்தது. நடந்த கதைகளுக்கு இப்படி ஒரு முகம் கிடையாது. 2004 செப்டம்பர் 30 அன்று காசியாபாத் பக்கம் சாகிபாபாத்தில், பூஷன் ஸ்டீல் ஆலையில் இறக்குமதி ஸ்கிராப்போடு வந்த குண்டு வெடித்துப் பத்துத் தொழிலாளிகள் செத்தார்கள். அதற்கப்புறம்தான், துண்டாக்கப்படாத ஸ்கிராப் இங்கே வரவேண்டுமென்றால், அதில் வெடிபொருள் இல்லை என்று ஏற்றுமுன்பே சோதித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று விதியை இறுக்கினார்கள். 2010-ல் டெல்லிப் பல்கலைக்கழகம் 1980-களிலிருந்து தொடாமல் வைத்திருந்த காமா கருவியை ஏலத்தில் விட்டது. மாயாபுரி இரும்புக் கடையில் அதைப் பிரித்தபோது உள்ளே கோபால்ட்-60. ஒரு தொழிலாளி செத்தார், பலர் ஆஸ்பத்திரியில். அங்கே எந்தக் கும்பலும் இல்லை. ஏலம் முறைப்படி நடந்த ஏலம்தான்.

அரசு ஏலங்களில் ஒரு வாசகம் வரும்: ‘இருக்கும் இடத்தில், இருக்கும் நிலையில்’. ராணுவத்தின் கழிவுப் பொருளும் எம்.எஸ்.டி.சி. ஆன்லைன் ஏலத்தில் இப்படித்தான் கைமாறுகிறது. நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். எங்கள் லைசென்ஸ்களிலும் இதே வரி உண்டு. என்ன ஆனாலும் விற்றவன் பொறுப்பில்லை. ஆனால் கோடு உடைந்தால் எனக்கு ராத்திரித் தூக்கம் போகும், அவ்வளவுதான். கேஸ் கட்டரைப் பிடித்து நிற்கிறவனுக்கு அப்படியில்லை.

ரித்விகாவின் பத்திரிகையாளர் படம் முழுக்க உண்மையைத் தேடி ஓடுகிறார். அந்த ஓட்டம் ஒரே ஒரு தடவை ஒரு ஏலக் காகிதத்தின் பக்கம் திரும்பியிருக்கலாம். பாட்டு ஒன்றை வெட்டியிருந்தால் நேரமும் கிடைத்திருக்கும்.