கண்டு நிற்போர்: திண்டுக்கல் தெருவோவியங்கள் குறித்து ஓர் ஆய்வு

1. தோற்றுவாய்

தமிழகத்து ஓவியங்களை ஆராய்ந்தோர் பெரும்பாலும் குகையையும் கோயிலையும் அரண்மனையையுமே நாடிச் சென்றனர். சித்தன்னவாசலும், தஞ்சைப் பெரிய கோயிலும், இராமநாதபுரத்து இராமலிங்க விலாசமும் ஆராய்ச்சி நூல்களில் இடம்பெற்றன. தெருச்சுவரில் தீட்டப்பெறும் ஓவியம் அத்துணை மதிப்புப் பெறவில்லை. அது நிலையாதது, வரைந்தவன் பெயர் பரவாதது, வாணிகமும் தேர்தலும் கலந்தது. இக்காரணங்களைக் காட்டி அதனைக் கலையன்று என ஒதுக்குவாரும் உளர்.

அண்மைக் காலத்தில் இந்நிலை சிறிது மாறியுள்ளது. சென்னைக் கண்ணகி நகரின் குடியிருப்புச் சுவர்கள் 2020-இல் பெரும் ஓவியக் களமாயின. ஊர்தோறும் தெருவோவியங்களைத் தேடிக் கண்டு கைப்பேசியாற் படம் பிடிக்கும் ஆர்வமும் இளைஞரிடையே வளர்ந்துள்ளது. இவ்வார்வம் போற்றத்தக்கது. ஆயினும் படம் பிடித்தல் வேறு. பதிவு செய்தல் வேறு. எவையெவை இடம்பெறின் ஒரு நிழற்படம் தெருவோவியத்திற்குச் சான்றாகும்? இவ்வினாவிற்கு விடை தரும் அளவுகோல் ஒன்று நம் பழைய இலக்கியத்திலேயே உள்ளது. அதனை எடுத்துக்காட்டித் திண்டுக்கல் சமவெளிச் சுவர்களிற் பொருத்திப் பார்த்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. சாத்தனார் காட்டும் தெரு

மணிமேகலையின் மூன்றாம் காதையாகிய மலர்வனம் புக்க காதையில், மணிமேகலையும் சுதமதியும் புகாரின் பெருந்தெரு வழியே உவவனத்திற்குச் செல்கின்றனர். அத்தெருவிற் கூடிநிற்போரைச் சாத்தனார் ஒவ்வொரு குழுவாகக் காட்டுகின்றார். ஒரு குழு கள்ளுண்டவன் ஒருவன் துறவியோடு வழக்காடுதலைக் காண்கின்றது. ஒரு குழு பித்தனைக் காண்கின்றது. ஒரு குழு பேடிக் கூத்தைக் காண்கின்றது. அவ்வரிசையில் ஒரு குழு, வீட்டுச் சுவர்களில் அமைந்த ஓவியங்களைக் கண்டு நிற்கின்றது.

அப்பகுதி சில அடிகளே கொண்டது. எனினும் அதன்கண் ஐந்து செய்திகள் அடங்கியுள்ளன. ஓவியம் இருந்த இடம் செங்கல்லால் உயர்ந்த மாடங்கள். அதற்குரிய பொருள் வெண்சுதை. அதன் உள்ளடக்கம் தேவர் முதலாக எல்லா உயிர்களின் வடிவங்கள். அதனைச் செய்தோர் தொழில்வல்ல வித்தகர். ஐந்தாவதாக, அதனைக் கண்டு நிற்போர். இடம், பொருள், உள்ளடக்கம், தொழிலர், காண்போர் என இவ்வைந்தனையும் நாம் பெயரிட்டுக் கொள்ளலாம். இவற்றைச் சுதையால் அமைத்த உருவங்கள் எனக் கொள்வாரும் உளர். அங்ஙனம் கொள்ளினும், தெரு நோக்கிய சுவரில் அமைந்தவை, வழிச்செல்வோர் நின்று கண்டவை என்னும் இரண்டும் மாறா.

ஈண்டு ஊன்றி நோக்கற்குரியது ஒன்று உண்டு. சாத்தனார் ஓவியத்தைத் தனியே நிறுத்திப் புகழவில்லை. பித்தனும் கூத்தும் போல அதனையும் தெருக்காட்சிகளுள் ஒன்றாகவே வைத்தார். இக்குழுவினர் யாவரும் பின்னர்த் தாம் கண்டவற்றை விட்டு மணிமேகலையைச் சூழ்கின்றனர். இத்தகையாளைத் துறவு நெறியிற் செலுத்திய தாய் கொடியள் என இரங்குகின்றனர். சுவரோவியத்தைக் கண்டு நின்ற கண்களும் ஓர் உயிருள்ள பெண்ணின்பாற் செல்கின்றன. கோயில் ஓவியத்தைக் காண்பவன் அதன்பொருட்டே வருகின்றான். தெருவோவியத்தைக் காண்பவனோ வேறொன்றின்பொருட்டுப் போகின்றவன். போகும் வழியில் நிற்கின்றவன். மற்றொன்று கண்டால் திரும்புகின்றவன். அவனை நிறுத்துதலே தெருவோவியத்தின் தொழில். ஆதலின் காண்போனை நீக்கிவிட்டுத் தெருவோவியத்தை மதிப்பிடுதல் இயலாது.

3. பரங்குன்றத்து மண்டபம்

நப்பண்ணனார் பாடிய பத்தொன்பதாம் பரிபாடல் இதற்கு ஒப்புநோக்கத் தக்கது. திருப்பரங்குன்றத்துக் கோயிலைச் சார்ந்த ஓவிய மண்டபத்தை அது காட்டுகின்றது. அங்கு ஞாயிறு முதலாய கோள்களின் நிலையும், காமன் இரதி உருவங்களும், அகலிகை கதையும் தீட்டப்பட்டிருந்தன. வந்தோர் சிலர் இவை யாவை என வினவுகின்றனர். உடன்வந்தோர் விடை கூறுகின்றனர். இங்கும் புலவர் வண்ணத்தை விரித்தாரல்லர். வினாவையும் விடையையுமே பதிந்தார்.

இரண்டு இடங்களையும் இணைத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். அச்சுவர்கள் அழிந்தன, வண்ணங்கள் அழிந்தன. கண்டு நின்றவரும் சுட்டிக் கேட்டவரும் மட்டும் நமக்கு எஞ்சினர். இன்றைய நிழற்படத்தில் நிலைமை தலைகீழாகியுள்ளது. வண்ணம் எஞ்சுகின்றது, கண்டவர் மறைகின்றனர்.

4. திண்டுக்கல் சுவர்கள்

திண்டுக்கல் சமவெளி சிறுமலைக்கும் பழனி மலைக்கும் இடையே பரந்து, வடக்கே வேடசந்தூர் நோக்கி வறண்டு செல்லும் நிலம். பாண்டி நாடும் கொங்கு நாடும் கலக்கும் எல்லைப்புலமும் அதுவே. மதுரை, கரூர், பழனி, நத்தம் முதலிய ஊர்களுக்குச் செல்லும் சாலைகள் இங்குக் கூடுகின்றன. வழிச்செல்வோர் மிக்க இடத்தில் சுவரெழுத்து மிகுதல் இயல்பு. பூட்டு, புகையிலை, சிமெண்டு ஆகியவற்றின் விளம்பரங்களும், பள்ளி மதில்களில் வள்ளுவர் உருவமும் நாட்டுப் படமும், காவல் தெய்வக் கோயில்களின் முகப்பில் வீரரும் குதிரைகளும், காவியும் வெள்ளையும் மாறிவரும் பட்டைகளும் இங்குக் காணப்படுவன. இவை எல்லாவற்றினும் மிக்கு நிற்பவை தேர்தற் சின்னங்கள்.

சின்னம் என்பது எழுத்தறியாதார்க்கென அமைந்த எழுத்து. 1951-52-இல் நடந்த முதற் பொதுத்தேர்தலிலேயே கட்சிகளுக்குச் சின்னங்கள் வழங்கப்பட்டன. பெயரைப் படிக்க இயலாதோர் படத்தைக் கண்டு வாக்களித்தனர். அவ்வகையில் திண்டுக்கல்லுக்குத் தமிழகத்துச் சுவர் வரலாற்றிற் சிறப்பான ஓர் இடம் உண்டு. 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். தொடங்கிய அண்ணா திராவிட முன்னேற்றக் கழகம் முதன்முதலாகப் பெருவெற்றி கண்டது 1973 மே மாதத்தில் நடந்த திண்டுக்கல் நாடாளுமன்ற இடைத்தேர்தலிலாகும். அதில் மாயத்தேவர் இரட்டை இலைச் சின்னத்திற் போட்டியிட்டு வென்றார். பின்னர்த் தமிழகம் எங்கும் சுவர்களை நிறைத்த ஒரு வடிவம் இச்சமவெளியிலேயே முதலில் வாக்காளர் முன் வந்தது.

அவ்வடிவத்தைக் கட்சிச் சார்பின்றி வடிவமாகவே நோக்குவோம். ஒரு காம்பு, இரு பக்கமும் ஓரிலை, அவ்வளவே. நிறம் ஒன்று போதும். தேர்ந்த ஓவியன் வேண்டா. தூரிகை பிடிக்கத் தெரிந்த எவரும் வரையலாம். உதயசூரியனும் அத்தகையதே: இரு மலை, ஓர் அரைவட்டம், சில கதிர்கள். சாத்தனார் வித்தகர் கைவண்ணத்தைச் சுட்டினார். தேர்தற் சுவரோ வித்தகர் அல்லாதார் கைக்கும் இடந்தந்தது. இதனைக் கலையின் வீழ்ச்சி எனச் சொல்லிவிடுதல் எளிது. விரைந்து செல்வோன் ஒருநொடியில் அறிதற்கு ஏற்ற சுருக்கத்தை எய்தியமை ஒரு திறமே என்பது எம் கருத்து.

வித்தகர் இல்லாமற் போகவும் இல்லை. தலைவர் முகத்தைத் தீட்டுவோர் சிறு படத்திற் கட்டமிட்டு, அக்கட்டங்களைச் சுவரிற் பெரிதாக்கி வரைவர். எழுத்திற்கு நூல் பிடித்துக் கோடிடுவர். முகமும் கண்ணும் மூத்தவர் பணி; நிரப்புதல் இளையவர் பணி. முடிந்தபின் கீழ்மூலையில் ஓவியர் தம் பெயரைச் சிறிதாக எழுதுதலும் உண்டு. சுவரைப் பெறுதற்கும் ஒரு முறை உள்ளது. தேர்தலுக்குப் பல திங்கள் முன்னரே சுண்ணாம்பு பூசி, கட்சிப் பெயரையும் ஆண்டையும் மூலையில் எழுதிவிடுவர். ஓவியம் இல்லாத அவ்வெள்ளைச் சுவரும் ஓர் ஆவணமே.

இவ்வழக்கம் இன்று தளர்ந்துள்ளது. பொதுவிடங்களை அலங்கோலப்படுத்தலைத் தடுக்கும் சட்டம் தமிழகத்தில் 1959 முதலே உண்டு. தேர்தற் காலக் கட்டுப்பாடுகள் பின்னர் இறுகின. அச்சிட்ட பிளக்ஸ் பதாகை வந்து ஓவியர் பலரின் தொழிலைக் கவர்ந்துகொண்டது. ஆதலின் எஞ்சியவற்றைப் பதிவு செய்தல் காலத்தின் தேவையாயிற்று. எவ்வாறு பதிவு செய்வது என்பதே வினா.

5. நிழற்படத்தின் குறை

இக்கட்டுரையாளன் சில ஆண்டுகளாகத் திண்டுக்கல் நகரிலும், வேடசந்தூர், நிலக்கோட்டை, ஒட்டன்சத்திரம் செல்லும் சாலைகளிலும் சுவர்களைப் படம் பிடித்து வந்துள்ளான். அப்படங்களை ஒருங்கு வைத்து நோக்கியபோது மகிழ்ச்சியினும் நாணமே மிகுந்தது. ஓவியம் சட்டத்திற்குள் செவ்வனே அமைந்திருந்தது, தெரு இல்லை. சுவர் எதனை நோக்கியிருந்தது, எதிரே பேருந்து நிறுத்தமா கிணறா என்பது படத்திலிருந்து அறியக்கூடவில்லை. மூலையில் இருந்த ஓவியர் பெயர் சில படங்களில் வெட்டுண்டிருந்தது. ஒரு சுவரின் நிழலில் முதியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். அவர் எழுந்து போகும்வரை காத்திருந்து படமெடுத்தது நினைவிற்கு வந்தது. நாள்தோறும் அவ்வோவியத்தின் கீழ் அமர்ந்தவர் அவர். அவரிடம் ஒரு வினாவும் கேட்கப்படவில்லை. மறுமுறை சென்றபோது அச்சுவர் வெள்ளையடிக்கப்பட்டிருந்தது. சாத்தனார் பதிந்த ஐந்தனுள் எம் படம் பதிந்தது உள்ளடக்கம் ஒன்றே.

இக்குறை எம்மொருவர்க்கே உரியதன்று. இராசத்தானத்துப் பாலையின் விளிம்பில் உள்ள சேகாவதி நாட்டைக் காண்க. சூன்சுனு, சீகர், சூரு மாவட்டங்களில் வணிகர் கட்டிய மாளிகைகளின் புறச்சுவர்களில், ஈரச் சுண்ணாம்பின் மீது கண்ணனும் காவிய மாந்தரும் தீட்டப்பட்டனர்; பிற்காலத்தில் புகைவண்டியும் மோட்டார் வண்டியும் அவர்களோடு இடம்பெற்றன. அமன் நாத்தும் பிரான்சிஸ் வாக்சியார்கும் 1982-இல் வெளியிட்ட நூல் போன்ற படநூல்களால் அவை உலகறிந்தன. அந்நன்மையை மறுப்பதற்கில்லை. எனினும் கல்கத்தாவிலும் பம்பாயிலும் பொருளீட்டியவர், தாம் வாழாத ஊரின் தெருவிற்கென இவற்றை ஏன் தீட்டுவித்தனர் என்னும் வினாவிற்குச் சுவர் மட்டும் நிறைந்த படம் விடை தராது. ஊரையும் தெருவையும் காண்போரையும் உடன் வைத்தாலன்றி அவ்வினா எழுவதே அரிது.

மறுதலைக்கு ஈழத்துச் சிகிரியா சான்றாகும். ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்பன் காலத்துத் தீட்டப்பெற்ற அவ்வோவியப் பெண்களைக் காணவந்தோர், பின்வந்த நூற்றாண்டுகளில் கண்ணாடிச் சுவர் எனப்படும் மதிலில் தம் உணர்ச்சிகளைச் சிங்களச் செய்யுட்களாகக் கீறிச் சென்றனர். செனரத் பரணவிதான அவற்றுள் 685 செய்யுட்களைப் படித்து 1956-இல் பதிப்பித்தார். ஆங்கு ஓவியமும் உளது. கண்டவர் மொழியும் உளது. அரசன் எழுப்பிய சுவரில் பொதுமக்கள் தாமே காண்போர் பதிவை உண்டாக்கிக்கொண்டனர்.

திருவாரூர்த் தேவாசிரிய மண்டபத்து முசுகுந்தன் ஓவியங்களும் ஒரு நெறி காட்டுகின்றன. அவற்றின் கீழ்த் தமிழ் விளக்கங்கள் எழுதப்பட்டுள்ளன. தீட்டிய சிங்காதனம் என்பான் பெயரும் உளது. படத்தை மட்டும் எடுத்து எழுத்தை விடுவோமாயின், கதையையும் இழப்போம், கலைஞனையும் இழப்போம். தெருச்சுவரிலும் அங்ஙனமே. அதன் பிழையெழுத்தும் வட்டாரச் சொல்லும் தமிழ் ஆராய்வோர்க்குப் பயன்படுவன.

6. சுண்ணாம்பின் அடியில்

சுவர் வெள்ளையடிக்கப்பட்டால் ஓவியம் அழிந்தே போயிற்றா? தஞ்சைப் பெரிய கோயிலில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ். கே. கோவிந்தசாமி 1931-இல் நாயக்கர் காலப் படலத்தின் அடியிற் சோழர் ஓவியங்களைக் கண்டறிந்தார். மேற்பூச்சே அவற்றிற்குக் காப்பும் ஆயிற்று. திண்டுக்கல் சுவரிலும் ஒரு தேர்தலின் மேல் மற்றொரு தேர்தல் படிந்துள்ளது. ஆயினும் தெருச்சுவரை அங்ஙனம் உரித்துக் காணும் வாய்ப்பு அரிது. சாலை அகலும்போது சுவரே இடிக்கப்படுகின்றது. எனவே ஒரே சுவரை ஆண்டுதோறும் அதே இடத்தில் நின்று படமெடுத்து வைத்தல் வேண்டும். உரித்துக் காண இயலாத படலங்களை அவ்வரிசையே நமக்குக் காட்டும்.

7. முடிவுரை

தெருவோவியம் ஒவ்வொன்றிற்கும் மூன்று படங்கள் தேவை எனத் துணியலாம்: தெருவோடு கூடிய சுவர், ஓவியம் முழுமையும், எழுத்தும் ஓவியர் பெயரும் உள்ள மூலை. அவற்றோடு நாளும் இடமும், பூசிய பொருளும், வரைந்தவர் இசைந்து கூறிய செய்தியும், காண்போர் இருவர் மூவரின் மொழியும் எழுதப்பெறல் வேண்டும். இவை பொருட்செலவு மிக்கனவல்ல. தமிழ்த்துறை மாணவர் ஒருவர் தம் ஊர்த் தெரு ஒன்றை மேற்கொண்டாலும் போதும்.

சாத்தனார் ஓவியத்தின் நிறத்தைக் கூறாது போயினும், அதன்முன் நின்றவரைக் கூறினார். அதனாலேயே புகாரின் தெரு இன்றும் நம் கண்முன் உள்ளது. நிறத்தை எல்லாம் பிடித்துக்கொண்டு, நின்றவரை நாம் விட்டுவிடுவோமாயின், பின்வருவோர்க்கு வண்ணப்படங்கள் இருக்கும். திண்டுக்கல் தெரு இராது. அடுத்த முறை சுவரின் நிழலில் முதியவர் ஒருவர் அமர்ந்திருப்பின், அவர் போகும்வரை காத்திராது, அவரிடம் முதலிற் பேசுவதே ஆய்வாளர் கடனாகும்.